ஏரிக்கரைக் கருவிக்கூடமும் ஒரு பொட்டலம் கற்பூரமும்

பேனா கீழே இறங்கியது.

கோமதி என் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கண்டு சொல்வது எங்கள் கருவி. கட்டம் போட்ட நீளக் காகிதத்தின் மேல் அதன் பேனா இடமிருந்து வலமாக மெள்ள நகரும். வழியில் எங்கேயாவது விழுந்து எழுந்தால் அங்கே ஒரு சேதி இருக்கிறது என்று அர்த்தம். காகிதத்தின் எண்கள் இடது பக்கம் பெரிதாகத் தொடங்கி வலது பக்கம் குறைந்துகொண்டே வரும். கோமதிக்கு வேண்டிய சேதி 1740 என்ற இடத்தில் இருந்தது. நாலு வருஷமாகப் பேனா அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அது 1740இல் சட்டென்று விழுந்து, பாதிக் காகிதம் வரைக்கும் போய், எழுந்து வந்தது.

"அக்கா..." என்றாள்.

"பேசாத. மேஜை ஆடும்."

மேஜை ஆடவில்லை. எனக்குத்தான் உள்ளே ஆடியது. முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து, ஓரத்தில் தேதியும் மாதிரி எண்ணும் எழுதி, 'இயக்கியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாத சார்ட் எங்கள் கூடத்தை விட்டு வெளியே போகாது.

கோமதிக்கு ஊர் மாங்காடு. வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுகிற சுலபமான வழி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மாறிவிட்டது என்பதற்கு அடையாளம் 1740இல் ஒரு பள்ளம். அத்தோடு பழைய பொருளின் அடையாளமாக 3400இல் இருக்கும் பள்ளம் மறைய வேண்டும். டிசம்பரோடு அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்தக் கல்லூரியில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள்.

3400இல் வழக்கம்போல ஒரு பெரிய பள்ளம் இருக்கத்தான் செய்தது. அவள் அதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

"அது ஏரித் தண்ணிடி" என்றேன் நான், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி.

அவள் சிரித்துவிட்டாள். சாயங்காலமே கரையான்சாவடி வரைக்கும் போய் அரை கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தாள். எங்கள் அட்டெண்டர் ஏழுமலை மட்டும் நாலு துண்டு சாப்பிட்டார்.

எல்லோருக்கும் சம தூரம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, ஸ்டெபிலைசர் வெடித்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அத்தனை விலை உயர்ந்த கருவியைப் போயும் போயும் ஏரிக்கரையில் யாரம்மா வைத்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

எண்பதுகளின் நடுவில், பல்கலைக்கழகத்துக்கு ஐந்தாறு பெரிய கருவிகள் வெளிநாட்டிலிருந்து ஒன்றாக வந்து இறங்கின. எல்லாத் துறைக்கும் பொது என்பது நிபந்தனை. வேதியியல்காரர்கள் எங்களிடம் வையுங்கள் என்றார்கள். இயற்பியல்காரர்கள், அங்கே வைத்தால் எங்களுக்குத் தேதி கிடைக்காது என்றார்கள். தாவரவியல்காரர்கள் யாரிடம் வைத்தாலும் எங்களுக்குக் கிடைக்காது என்றார்கள். அதுதான் உண்மையாக இருந்தது.

பெட்டிகள் பிரிக்கப்படாமல் ஒரு மழைக்காலம் முழுக்க நூலகத்து வராண்டாவில் கிடந்தன. கடைசியில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு துறை வாசலிலிருந்தும் ஆளை நடக்கவிட்டுக் காலடிகளை எண்ணினார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்த கட்டடம் பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், அயனம்பாக்கம் ஏரியின் ஈரக் காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில் இருந்தது. ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. கருவியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் கட்டடத்தில்தான். ஆவடியிலிருந்து வரவேண்டும். எம்.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. இந்த முதல் வகுப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈரத்தலையோடு வராதீர்கள்

என்னுடைய பொறுப்பில் இருந்தது அகச்சிவப்புக் கருவி. அதற்கு ஈரம் ஆகாது. மாதிரியை அப்படியே கருவிக்குள் வைக்க முடியாது. பொட்டாசியம் புரோமைடு என்று உப்பு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. அதோடு மாதிரியைத் துளி சேர்த்து, கையடக்கக் கல்வத்தில் நைய அரைத்து, அழுத்தி, கண்ணாடி மாதிரி ஒரு வில்லை செய்ய வேண்டும். அந்தப் பொடி காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். குடித்தால் 3400இல் பள்ளம் விழும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது விழாத நாளே இல்லை. யார் வந்து கேட்டாலும் "ஏரித் தண்ணி" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நானே அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆகையால் சட்டங்கள் போட்டேன். செருப்பு வெளியே. ஈரக் குடை வெளியே. தலைக்குக் குளித்த ஈரத்தோடு பெண்கள் உள்ளே வரக்கூடாது. வெள்ளிக்கிழமை காலைகளில் வராண்டாவில் நாலு பெண்கள் தலையை விரித்துப் போட்டுக் காயவைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பின்னால் 'ஹிட்லர் அக்கா' என்று பெயர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ரெஜிஸ்டர். யாருக்கு எந்த நாள், எந்த மணி என்று அதில் எழுதினால் எழுதினதுதான். ஒரு தடவை துறைத்தலைவர் ஒருவரே வந்து, "அந்தக் காலேஜ் பையன் பேரை அடிச்சுட்டு என் பேரைப் போடும்மா" என்றார். அந்தப் பையன் ஆவடிக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி, மாதிரிப் புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். முடியாது சார் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பார். நானும் ரெஜிஸ்டரில் ஒரு பெயரையும் அடித்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

புரோமைடு இருந்த புட்டியை ஒரு கனமான கண்ணாடிச் சாடிக்குள் வைத்திருப்போம். சாடியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடியை அழுத்தினால் எறும்புகூட நுழைய முடியாது. அடியில் ஈரம் உறிஞ்சுகிற நீல மணிகள் கிடக்கும். உள்ளே இருக்கும் புட்டிக்கு மட்டும் மூடியைத் தளர்வாக விட்டுவிடுவோம். மிச்சமிருக்கும் ஈரம் வெளியேறட்டும் என்று.

மிளகு

இனி ஆயுத பூஜை. கோமதியின் பேனா இறங்கியதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முந்தி.

ஏழுமலைக்கு ஊர் அயனம்பாக்கமே. பூர்வீகமாக ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். எங்கள் கூடத்தில் தினக்கூலி அட்டெண்டர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். வருஷம் ஒரு தடவை கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை கொடுத்து, பூசணிக்காய் உடைக்காவிட்டால் அவருக்குத் தாங்காது. நான் கிறிஸ்தவப் பெண்தான். ஆனாலும் அன்றைக்குப் பொரி அள்ளுவதில் முதல் கை என்னுடையது.

கற்பூரத்தை மட்டும் உள்ளே கொளுத்தக்கூடாது, வராண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வராண்டாவில் காற்று. இரண்டு வில்லை கொளுத்துவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பொட்டலம் அப்படியே மிச்சம்.

"அடுத்த வருசத்துக்கு ஆவும், ஸ்டெல்லாம்மா. எங்க வெக்கிறது? சும்மா வெச்சா காத்துலயே கரைஞ்சி பூடும். எங்க ஊட்ல நாலு மெளகு போட்டு வெச்சிருப்பாங்க."

மிளகு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி வாங்குவோம், கற்பூரம் வாங்கிப் பழக்கமில்லை. ஆனால் கற்பூரம் உருகாமலே ஆவியாகும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். முதல் வகுப்பு.

"மிளகும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்க கொடுங்க. காத்தே போகாத இடம் ஒண்ணு இருக்கு" என்று வாங்கி, கண்ணாடிச் சாடியைத் திறந்து, கீழே ஓரமாக வைத்து, மூடியை நன்றாக அழுத்தித் திருப்பினேன். ஏழுமலை என் புத்திசாலித்தனத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கற்பூரம் வெளியே போகக்கூடாது என்பதை மட்டும்தான் யோசித்தேன். உள்ளேயே அது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

செங்கல் பொடி

கோமதி இனிப்பு கொடுத்து ஒரு வாரம் கழிந்திருக்கும். ஆவடிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு நிலவியல் ஆசிரியர் செங்கல் பொடி கொண்டுவந்தார். சாந்தமான மனிதர். வில்லை செய்து ஓட்டினேன். பேனா 1740க்கு வந்ததும் விழுந்தது.

"சார், உங்க செங்கல்ல கீட்டோன் இருக்கு" என்றேன். கீட்டோன் என்பது கோமதி செய்ய நினைத்த பொருளின் ஜாதி.

"சூளையில வெந்த செங்கல்லம்மா. ஒரு பகல் ஒரு ராத்திரி நெருப்புல கெடந்தது. அதுல என்ன மிச்சம் இருக்கும்?"

அவர் போன பிறகு மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் புரோமைடை மட்டும் வில்லை செய்து ஓட்டினேன். திங்கட்கிழமை தோறும் முதல் வேலையாக நான் செய்ய வேண்டிய சோதனை அது. சார்ட் காகிதம் வெளிநாட்டிலிருந்து வருவது, கட்டு தீர்ந்துகொண்டிருந்தது. காத்திருப்பவர்களுக்குக் காகிதம் போதட்டும் என்று பூஜை விடுமுறைக்குப் பிறகு அந்தச் சோதனையை நிறுத்தி வைத்திருந்தேன்.

வெறும் பொடிக்கு, 1740இல், பேனா அழகாக இறங்கி எழுந்தது.

மழைக்காலம் வந்தால் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். சாடியைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"இதுல ஏதாவது வாசனை வருதா பாருங்க."

"இன்னா ஸ்டெல்லாம்மா புச்சா கேக்குறீங்க? பூஜைலேர்ந்து இத்தத் தொறந்தாலே கோயிலுக்குள்ள பூந்தாப்லதான் கீது."

"ஏன் சொல்லல?"

"நல்ல வாசனதானே. அத்த வேற சொல்லணுமா?"

சாடியின் ஓரத்திலிருந்த கற்பூரப் பொட்டலத்தை வெளியே எடுத்தேன். கோமதி செய்ய நினைத்த பொருளும் கற்பூரமும் ஒரே ஜாதி. இரண்டுக்கும் பள்ளம் விழுகிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறு எந்த வாசனைப் பொருளை வைத்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் வந்திருக்காது.

நான் சொல்லச் சொல்ல ஏழுமலைக்கு விஷயம் பிடிபட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் வெச்சேன்னு சொல்லிடுங்க" என்றார்.

"என்னது?"

"கற்பூரம் என்னுது. பூஜ என்னுது. கேட்டா யாரும் நம்புவாங்க. அட்டெண்டருக்கு இன்னா தெரியும்னு ரெண்டு திட்டு திட்டிட்டு உட்டுடுவாங்க. உங்களன்னா எழுதிக் கேப்பாங்க."

"உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல."

"அத்த உடுங்க."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறுக்கவில்லை. அன்று மத்தியானம் முழுக்க அந்த யோசனை எனக்கு இனித்தது. அதைவிட மோசமான யோசனையும் வந்தது. சாடியைக் கழுவி, பொடியைக் கொட்டி, வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? கோமதி டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுப்பாள், வேலைக்குப் போவாள். ஆய்வேடு நூலக அலமாரியில் தூசி குடிக்கும். என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

நாலு மணிக்கு ரெஜிஸ்டரை எடுத்துப் பூஜைக்குப் பிறகு வந்தவர்களின் பெயர்களை எண்ணினேன். இருபதுக்கு மேல் இருந்தன. அவர்கள் சார்ட்டில் 1740இல் விழுந்ததையெல்லாம் அவரவர் மாதிரியுடையது என்று விட்டிருந்தேன். எல்லோருடைய சார்ட்டிலும் என் கையெழுத்து. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"வேணாம் ஏழுமலை. நான் வெச்சத நானே சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாங்காடு

கோமதி ஒரு வாரமாகக் கூடத்துக்கு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். பூந்தமல்லியில் பஸ் மாறி மாங்காட்டில் இறங்கினேன். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. விளக்கு வைக்கிற நேரம்.

அவளுடைய அம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க. உங்க கையாலதான் எம் பொண்ணுக்கு வந்துச்சுன்னு தெனம் சொல்லுது" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே அம்மன் படத்துக்கு முன்னால் அப்போதுதான் கற்பூரம் ஏற்றியிருந்தார். தட்டை எடுத்துச் சுற்றிக் காட்டிவிட்டு, நான் யார் எவர் என்று யோசிக்காமல் என் முன்னாலும் நீட்டினார். மறுக்க எனக்குத் தெம்பில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு மாதமாக அடைத்துக்கிடந்த மூக்கு அந்த நேரம் பார்த்துத் திறந்துகொண்டது.

கோமதி தரையில் காகிதங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாள். 1740 சார்ட்டைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருந்தாள்.

அம்மா காபி போடப் போனதும் சொன்னேன்.

"கோமதி, 1740 உன்னோடது இல்ல."

"யாரோடது?"

"கற்பூரத்தோடது. பூஜை கற்பூரத்த நான்தான் சாடில வெச்சேன். பொடி முழுக்க ஏறிடுச்சு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் கோப்பைத் திறந்து சார்ட்டை எடுத்தாள். 1740ஐப் பார்க்கவில்லை. விரல் நேராக இடது பக்கம் போய் 3400இல் நின்றது.

"அப்ப இது ஏரித் தண்ணி இல்லையாக்கா?"

"இல்லன்னு நெனக்கிறேன்."

"எனக்கும் ஒரு நா தோணுச்சு" என்றாள். "இவ்ளோ பெருசா தண்ணி வருமான்னு. கேட்டா இருக்கறதும் போயிடுமோன்னு கேக்கல."

அதைக் கேட்டதும் எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அம்மா காபியோடு வந்து, என்னைப் பார்த்து, சமையலறைப் புகை என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கு எனக்கு டைம் கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள் கோமதி.

மறுநாள் முழுக்க இயற்பியல்காரர்கள் எழுதியிருந்தார்கள். காலையில் போனதும் சிவப்பு மையில் அவர்கள் பெயரை அடித்துக் கோமதியின் பெயரை எழுதினேன். நான் சொன்ன அந்த ஒரே ஒரு தடவை இதுதான்.

மீண்டும் பேனா

புதுப் புட்டி உடைத்து, அடுப்பில் வைத்துக் காயவைத்த பொடி. கல்வத்தை மூன்று தடவை கழுவினோம். முதலில் வெறும் பொடியை ஓட்டிப் பார்த்தோம், சுத்தம். பிறகு கோமதியின் மாதிரி. அவளே அரைத்தாள், அவளே வில்லை செய்தாள். நான் பட்டனை மட்டும் அழுத்தினேன்.

3400இல் பேனா ஆழமாக விழுந்தது. எழுந்தது. நகர்ந்துகொண்டே வந்தது. ஏழுமலை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். 1740ஐப் பேனா ஒரு நடுக்கமும் இல்லாமல் தாண்டிப் போனது.

"கையெழுத்து போடுங்கக்கா" என்றாள்.

போட்டேன்.

அன்று மத்தியானம் ஒரு அறிவிப்பு எழுதினேன். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எடுத்த சார்ட்டுகள் செல்லாது, காரணம் நான் வைத்த கற்பூரம், எல்லோரும் திரும்ப வரவும் என்று. ஏழுமலை முணுமுணுத்துக்கொண்டே பசை தடவிக் கதவில் ஒட்டினார். வெளிக் கல்லூரிகளுக்கெல்லாம் கார்டு போட்டேன். ஏழுமலை சொன்னது மாதிரியே பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து விளக்கம் எழுதிக் கேட்டார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். செங்கல் ஆசிரியர் மட்டும் பதிலுக்கு ஒரு கார்டு போட்டிருந்தார், 'மகிழ்ச்சி, என் செங்கல் செங்கல்தான்' என்று.

கோமதிக்கு அந்தக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் என்னால் போன வேலைதான் அது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. இன்னும் ஒன்றரை வருஷம், உதவித்தொகை இல்லாமல், டியூஷன் எடுத்துக்கொண்டே உழைத்தாள். கடைசி வரைக்கும் அந்தப் பொருள் மாறவே இல்லை. ஏன் மாறாது என்பதைத்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஏழுமலை ஒரே ஒரு வில்லை கற்பூரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு மிளகும் இருந்தது.

"மிச்சம் பண்றதே கெடயாது, ஸ்டெல்லாம்மா" என்றார்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கோமதி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கம் புரட்டினேன். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு சார்ட்டுகள். இடது பக்கம் பேனா விழுந்தது, அடியில் 'கற்பூரக் கலப்பு' என்று எழுதியிருந்தாள். வலது பக்கம் விழாதது. இரண்டிலும் என் கையெழுத்து.

"இத எதுக்குடி போட்ட?" என்றேன், இடது பக்கத்தைக் காட்டி. "யாரும் கேக்கப் போறதில்லயே. விட்டிருக்கலாமே."

"இத்தன வருஷத்துல நான் சந்தோஷமா இருந்த ஒரே சார்ட் அதுதான்க்கா" என்றாள். "அத எப்படி விடறது?"